கதிரை நுனியில் இருப்பவர்களிடம் கேட்காதே

எங்கள் ஊரில் ஹோட்டல் என்றால் சந்தியில் இருக்கும் தேத்தண்ணிக் கடை. கண்ணாடிப் பெட்டிக்குள் வடையும் ரோல்சும் இருக்கும். அவற்றோடு ஒரு ஈயும் இருக்கும். உள்ளே ஆண்கள் இருந்து கதைப்பார்கள். ஒரு பெண் அந்த வாசலில் கொஞ்ச நேரம் நின்றாலே போதும், பின்னேரம் அவளைப் பற்றி ஊர் கதைக்கும். என் அம்மாவுக்குத் தெரிந்த ஹோட்டல் இதுதான். ஆகவே நான் சுவிஸுக்குப் போய் ஹோட்டல் முகாமைத்துவம் படிக்க விண்ணப்பிக்கப் போகிறேன் என்று சொன்னபோது, தேங்காய் துருவிக்கொண்டிருந்தவர் நிமிர்ந்தும் பார்க்கவில்லை.

“எச்சில் கோப்பை கழுவுறதுக்கு ஆரும் பிளேன் ஏறிப் போவாங்களா புள்ள? சந்தியிலயே கழுவலாமே.”

எங்கள் பக்கம் கோப்பை என்றால் சோறு தின்னும் தட்டு.

“கழுவப் போகல்ல. படிக்கப் போறன். படிச்சிட்டு மனேஜரா வருவன்.”

“மனேஜரா வா, மகாராணியா வா. உன்ட ஹோட்டல் வாசல்ல என்ட கால் படாது. சொல்லிப் போட்டன்.”

எனக்குக் கோபம் சீக்கிரம் வரும். வந்தால் போகாது. அம்மாவை என் ஹோட்டலுக்குள் கூட்டிவந்து, கதிரையில் இருத்தி, ஒரு தேத்தண்ணி குடிக்க வைக்காமல் விடுவதில்லை என்று அந்த இடத்திலேயே முடிவெடுத்தேன். பிறகு கிடைத்த சான்றிதழ்கூட எனக்கு இதற்கு அடுத்ததுதான்.

ஹோட்டல் வேலை எனக்கு வந்தது கடலால். களுதாவளைக்குக் கிட்ட, கடலுக்கும் வாவிக்கும் நடுவே கிடக்கும் மணல் ஊர் எங்களுடையது. சுனாமி வீட்டைக் கொண்டு போனது. அப்பாவையும் கொண்டு போனது. அதைப் பற்றி நான் இங்கே எழுதப் போவதில்லை. எழுதினால் வாசிக்கிறவர்கள் அழுவார்கள், எனக்கு அது வேண்டாம்.

அம்மாவும் நானும் ஒரு பள்ளிக்கூட வகுப்பறையில் இருந்தோம். இன்னும் நாலைந்து குடும்பங்கள் அதே அறையில். ஒருநாள் விபரம் பதிய ஒரு உத்தியோகத்தர் வந்தார். அம்மா பக்கத்துக் குடும்பத்திடம் தேயிலை வாங்கி, இன்னொரு குடும்பத்திடம் சீனி வாங்கி, ஒரு பிளாஸ்டிக் கப்பில் தேத்தண்ணி ஊற்றி அவர் முன்னால் வைத்தார். குடிக்கிறீர்களா என்று கேட்கவில்லை. எங்கள் ஆட்கள் கேட்க மாட்டார்கள். கேட்டால் வந்தவர் வேணாம் என்றுதான் சொல்லவேண்டும், அதுதான் மரியாதை. அப்படியானால் கேட்பதன் அர்த்தம், நீ வேணாம் என்று சொல்லு, எனக்கு வேலை மிச்சம் என்பதுதான். அந்த உத்தியோகத்தரும் “ஏன் அம்மா, இந்த நிலைமையில” என்று சொல்லிக்கொண்டே குடித்தார். அம்மா அன்றைக்குத்தான் முகாமுக்கு வந்த பிறகு முதல் தடவை தலை சீவினார்.

அந்தக் காலத்தில் வெள்ளை வாகனங்களில் வெளிநாட்டு உதவிக்காரர்கள் வந்து இறங்கினார்கள். அவர்களுக்குப் படுக்க இடம் வேண்டும். டவுனில், புளியந்தீவில், வாவிக் கரையோடு போர்த்துக்கேயர் வழிவந்த ஒரு பறங்கி அம்மா தன் பழைய வீட்டை விருந்தினர் விடுதியாக மாற்றினார். எல்லோரும் அவரை அன்ரி என்றுதான் கூப்பிடுவோம். அறை துப்புரவாக்க ஆள் தேடினார், நான் போனேன். அம்மாவால் தடுக்க முடியவில்லை, வேறு வழி இருக்கவில்லை. ஆனால் ஊரில் கேட்பவர்களுக்கு, “மகள் என்.ஜீ.ஓ.வில ஒப்பிஸ் வேலை” என்று சொன்னார். நான் கக்கூஸ் கழுவிக்கொண்டிருந்தேன். நன்றாகத்தான் கழுவினேன்.

அந்த வேலை எனக்குப் பிடித்தது. ஒருத்தர் நாள் முழுக்க முகாம் முகாமாகத் திரிந்து, தூசியும் அழுகையும் பார்த்து, முகம் கறுத்து வருவார். அறைக் கதவைத் திறப்பார். இழுத்து விரித்த படுக்கை, மடித்த துவாய், ஒரு போத்தல் தண்ணி. அவர் முகம் இளகும். அந்த இளக்கத்தைச் செய்தது நான். எனக்கு அது கர்வமாக இருந்தது.

பிறகு சண்டை திரும்பவும் மூண்டது. டவுனிலிருந்து ஆமி அடிக்கிற ஷெல் வாவிக்கு மேலால் அக்கரையில் இருக்கும் படுவான்கரைக்குப் போகும். யன்னல் கண்ணாடி அதிரும். புதிதாக வந்த விருந்தினர்கள் மேசைக்குக் கீழே போய்விடுவார்கள். நான் பாணும் பருப்புக் கறியும் கொண்டு போய் மேசைக்கு மேலே வைத்துவிட்டு, “இது இஞ்சருந்து போறது. வாறது வேற சத்தம். எழும்பிச் சாப்பிடுங்க, கறி ஆறுது” என்பேன். அன்ரி அதை ஆங்கிலத்தில் சொல்வார். எழும்பிச் சாப்பிடுவார்கள். அந்தப் பக்கம் ஷெல் விழும் இடத்திலும் யாரோ சாப்பிட இருந்திருப்பார்கள் என்று எனக்குத் தெரியும். தெரிந்துகொண்டுதான் பரிமாறினேன்.

சண்டை முடிந்தது. பாசிக்குடாவில் ஹோட்டல்கள் எழும்பின. சந்திக் கடை இல்லை, உண்மையான ஹோட்டல்கள். எங்கள் கடல், எங்கள் மணல். நான் நேர்முகத் தேர்வுக்குப் போனேன். கொழும்பிலிருந்து வந்த ஒரு முகாமையாளர் என் காகிதத்தைப் பார்த்தார். எந்த ஹோட்டல் என்று சொல்ல மாட்டேன். வரவேற்பு மேசையில் வேலை வேண்டும் என்றேன். அதற்கு டிப்ளோமா வேண்டும் என்றார். பிறகு, சிரித்துக்கொண்டு, “உங்கள் ஆட்கள் தோட்டத்துக்கும் லோண்டரிக்கும் நல்லவர்கள்” என்றார். அவர் அதை ஒரு பாராட்டாகத்தான் சொன்னார். அதுதான் எனக்கு இன்னும் ஆத்திரம்.

வெளியே வந்து பார்த்தேன். புல்லுக்குத் தண்ணி அடிப்பவர் வாகரைக்காரர். துவாய் மடிப்பவர் ஏறாவூர்க்காரி. கோட்டுப் போட்டு நிற்பவர்கள் எல்லோரும் வெளியூர். ஒருத்தரும் மறுக்க முடியாத ஒரு டிப்ளோமா எடுத்துக்கொண்டு திரும்பி வருவது என்று பஸ்ஸிலேயே தீர்மானித்தேன்.

விடுதியில் தங்கிப் போன ஒரு பெண், சுவிஸ் மலையூர் ஒன்றில் இருக்கும் ஹோட்டல் பள்ளியைப் பற்றிச் சொல்லியிருந்தார். போர் நடந்த நாடுகளின் பிள்ளைகளுக்கு அங்கே ஒரு புலமைப்பரிசில் இருந்தது. ஏன் இந்தத் தொழிலுக்கு வர விரும்புகிறாய் என்று ஒரு கட்டுரை எழுதச் சொன்னார்கள். நான் எழுதினேன், அன்ரி ஆங்கிலத்தைத் திருத்தினார்.

“மகள், இதில ‘தாழ்மையுடன்’ எண்டு ஒண்டு போடுவமா?”

“வேணாம் அன்ரி.”

“நன்றியுள்ளவளா இருப்பன் எண்டாவது?”

“தந்த பிறகு நன்றி சொல்லுறன்.”

“நீ ஒருநாளைக்கு எங்கயாவது அடி வாங்குவ” என்று சொல்லிவிட்டு, நான் எழுதியபடியே விட்டார். ஷெல்லுக்குக் கீழே பரிமாறியதையும், லோண்டரிக்கு நல்லவர்கள் என்று சொன்ன மனிதரையும் எழுதியிருந்தேன். எங்கள் ஊரில் ஹோட்டல் கட்டினால் அதை நடத்தத் தெரிந்த ஆள் எங்கள் ஊரிலும் வேண்டும் என்று முடித்திருந்தேன்.

இதற்கிடையில் அம்மா தன் கடைசி ஆயுதத்தை எடுத்தார். அவருடைய தம்பி, என் மாமா, சுவிஸில் ஒரு ரெஸ்டோரண்ட் குசினியில் பல வருடமாகக் கோப்பை கழுவுகிறவர். அவரைக் கொண்டு என்னை மறிக்கலாம் என்று நினைத்து, ஃபோன் எடுத்து, எனக்கும் கேட்கச் சத்தமாகப் போட்டார்.

“தம்பி, நீயே சொல்லு இவளுக்கு. அங்க என்ன வேலை எண்டு சொல்லு.”

“கோப்பை கழுவுற வேலைதான் அக்கா.”

“கேட்டியா?” என்று அம்மா என்னைப் பார்த்தார்.

“அது நான் செய்யிற வேலை” என்றார் மாமா. “என்னை வேலைக்கு வைக்கிறதா வேணாமா எண்டு முடிவெடுக்கிற ஆள் ஒண்டு மேல இருக்கு. இவள் படிக்கக் கேக்கிறது அந்த வேலைக்கு. விடு அக்கா.”

அம்மா, “எப்பிடியும் கோப்பைக்குக் கிட்டத்தானே நிக்கப் போறா” என்று சொல்லி ஃபோனை வைத்தார்.

அவருக்கு இன்னொரு கவலையும் இருந்தது. எங்கள் பக்கம் கலியாணம் முடித்தால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வந்து இருப்பார். சுனாமி வீட்டுத் திட்டத்தில் கிடைத்த வீடு எனக்குச் சீதனம் என்று அம்மா வைத்திருந்தார். “வீட்டைப் பாத்துத்தான் மாப்பிள்ளை வருவான். வந்தா இஞ்ச நீ இல்ல. அவன் என்னோட இருந்து என்ன செய்யிற?” என்று கேட்டார். எனக்குச் சிரிப்பு வந்தது. சிரித்தால் அடி விழும் என்று வெளியே போய்ச் சிரித்தேன்.

பள்ளியிலிருந்து நேர்முகத் தேர்வுக்கு அழைத்தார்கள், கம்பியூட்டரில் முகம் பார்த்துக் கதைப்பது. கோட்டுப் போட்டிருக்க வேண்டும் என்று எழுதியிருந்தது. காத்தான்குடியில் ஒரு புடவைக் கடைக்குப் போனேன். கடைக்காரர், நாங்கள் நானா என்று கூப்பிடும் முஸ்லிம் அண்ணன், நல்ல பகிடிக்காரர்.

“கோட்டா? ஆருக்கு, மாப்பிளைக்கா?”

“எனக்கு.”

“வக்கீலுக்குப் படிக்கிறீங்களா புள்ள?”

“இல்ல நானா, ஹோட்டலுக்கு.”

“ஹோட்டலுக்குக் கோட்டுப் போட்டா கறி தெறிக்குமே.”

“கறி தெறிக்காத பக்கம் நிக்கப் போறன்.”

அவர் சிரித்தார். கறுப்புத் துணி எடுத்து, அளவெடுக்காமல் தன் தையல்காரர் தைக்க மாட்டார் என்று நின்றார். அளவெடுக்க ஒரு பொம்பிளையைக் கூப்பிட்டார். அதற்குள் என் முன்னால் ஒரு பால் தேத்தண்ணி வந்துவிட்டது. கேட்காமல்தான்.

இடம் கிடைத்தது. விசாவுக்குப் போனபோது, படிப்பு முடிந்து திரும்பி வருவேன் என்று எப்படி நம்புவது என்று கேட்டார்கள். அம்மாவுக்கு ஒரு தேத்தண்ணி கொடுக்க வேண்டியிருக்கிறது என்றேன். மொழிபெயர்த்தவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்துவிட்டுத்தான் மொழிபெயர்த்தார். விசா வந்தது.

அந்தப் பள்ளியில் முதல் வேலை என்ன தெரியுமா? கோப்பை கழுவுவது. எல்லோரும் கழுவ வேண்டும். ஹோட்டல் முதலாளிகளின் பிள்ளைகள், சொந்தக் காரில் வந்திறங்கியவர்கள், ஸ்பஞ்சைச் செத்த எலியைப் பிடிப்பது போல விரல் நுனியால் பிடித்தார்கள். எனக்கு அது பெரிய சந்தோசம். அம்மாவுக்கு மட்டும் சொல்லவில்லை. குளிரில் என் உதடு வெடித்தது, பனியில் விழுந்து முழங்கால் உரிந்தது. வைன் மணக்கப் பழகினேன், கணக்கியல் படித்தேன், பிரெஞ்சில் மன்னிப்புக் கேட்கப் பழகினேன். மன்னிப்புக் கேட்பதுதான் எனக்குக் கடினமாக இருந்தது, மொழியால் அல்ல.

நான் விழுந்தது பரிமாறல் பரீட்சையில். ஆசிரியை விருந்தினர் போல மேசையில் இருப்பார். நாங்கள் பரிமாற வேண்டும். நான் பாண் கூடையோடு போய், பாண் வேண்டுமா என்று கேட்டேன். வேண்டாம், நன்றி என்றார். நான் ஒரு துண்டு வைத்தேன். வேண்டாம் என்றேனே என்றார். இன்னொரு துண்டு வைத்தேன். சூப்பும் அப்படித்தான். அவர் முன்னால் அவர் கேட்காத சாப்பாடு குவிந்தது. வகுப்பு முழுக்கச் சிரித்தது. சத்தியமாகச் சொல்கிறேன், என் கை தானாகத்தான் வைத்தது. முதல் தரம் சொல்லும் ‘வேணாம்’ என்பதை நம்பி ஒருத்தரைப் பசியோடு விட என் உடம்புக்குத் தெரியாது.

சித்தியடையவில்லை. இரண்டாவது தரமும் தவறினால் புலமைப்பரிசில் நின்றுவிடும். நின்றால் ஊருக்குத் திரும்ப வேண்டும், கோப்பை கழுவிவிட்டு வந்தவளாக. அம்மா வாய் திறக்கவே தேவையில்லை.

ஆசிரியையிடம் போய்ச் சண்டை பிடித்தேன். எங்கள் ஊரில் வேணாம் என்பது மரியாதை, அதைக் கேட்டுத் திரும்பிப் போவதுதான் அவமரியாதை என்றேன். அவர் கோபப்படவில்லை. “அது உங்கள் ஊர் விருந்தினர். இங்கே இருப்பவருக்குப் பால் ஒத்துக்கொள்ளாமல் இருக்கலாம், தனியாக இருக்க விருப்பமாக இருக்கலாம். அவர் சொன்னதைக் கேள். அவர் அப்படிச் சொல்வது உன்னை நம்பித்தான்” என்றார்.

பிறகு பழகினேன். கேட்பது, கேட்டதைக் காதில் வாங்குவது, ஒரு கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்பது. மாமா வீட்டுக்கு ஞாயிற்றுக்கிழமை போனால் அவரை வைத்துப் பழகுவேன். “சோறு போடவா மாமா?” “வேணாம்.” நான் நின்றபடி நிற்பேன். “அடியேய், போடுடி” என்பார். “வேணாம் எண்டுதானே சொன்னீங்க?” இப்படியே அந்த மனிதரைப் பட்டினி போட்டுத்தான் இரண்டாவது பரீட்சையில் சித்தியடைந்தேன். கடைசி வருடம் என் வகுப்பில் பரிமாறலில் நானே முதலாவது.

பட்டமளிப்பு விருந்துக்கு மாமா வந்தார். சவுக்காரத்தில் வெடித்த கைகளை மேசைக்குக் கீழே வைத்திருந்தார். சாப்பாடு வருவதற்கு முன் கோப்பையை மெல்லத் திருப்பி அடிப்பக்கம் பார்த்தார். “நல்லாக் கழுவியிருக்காங்க” என்றார். எனக்கு அந்த நாளில் கிடைத்த எல்லாக் கைதட்டலிலும் அந்த ஒரு வார்த்தைதான் ஞாபகம்.

திரும்பி வந்தேன். பாசிக்குடாவில் ஒரு ஹோட்டலில் வரவேற்பு மேசையில் சேர்ந்து, பிறகு முகாமையாளரானேன். கறுப்புக் கோட்டு, அதே காத்தான்குடித் தையல். எங்கள் பக்கத்துப் பிள்ளைகளைத் தேடித் தேடி எடுத்தேன். வாழைச்சேனை, ஏறாவூர், வாகரை, படுவான்கரை. அவர்களும் என்னைப் போலத்தான், கேட்காமல் கொண்டு போய் வைத்தார்கள். வெள்ளைக்காரர் முன்னால் மூன்றாவது கப் தேத்தண்ணி இருக்கும். நான் கண்டித்துத் திருத்தினேன். “ஒரு தரம் கேள். வேணாமெண்டா விடு. திரும்பி வா” என்று கத்தாத நாள் இல்லை.

அம்மா வரவில்லை. வாகனம் அனுப்பினேன், வெறும் வாகனம் திரும்பி வந்தது. தீபாவளிக்குக் கூப்பிட்டேன், பொங்கலுக்குக் கூப்பிட்டேன். “எனக்கு வீட்டில சோறு இருக்கு” என்றார். வருடங்கள் போயின.

அவர் வந்தது களுதாவளைப் பிள்ளையார் கோயிலில் நடந்த ஒரு கதையால். தீர்த்தம் முடிந்து வரும்போது ஒரு பெண், “உங்கட மகள்தானே பாசிக்குடாவில பெரிய ஹோட்டலை நடத்திற? உள்ளுக்கு எப்பிடிகா இருக்கும்?” என்று கேட்டிருக்கிறார். அம்மாவுக்குப் பதில் தெரியவில்லை. ஒரு விசயம் தெரியாது என்று ஊரில் சொல்வது அம்மாவால் முடியாத காரியம். மறுநாளே அந்தப் பெண்ணையும் இன்னொரு பெண்ணையும் கூட்டிக்கொண்டு, எனக்குச் சொல்லாமல் பஸ் ஏறிவிட்டார்.

நான் முதலாளிகளோடு கூட்டத்தில் இருந்தேன். கதவை மூடி ஃபோனையும் நிறுத்தியிருந்தேன். வெளியே வந்தபோது, வரவேற்பு மண்டபத்தின் பெரிய மெத்தைக் கதிரைகளின் நுனியில், மடியில் கைப்பையை வைத்துக்கொண்டு, பட்டுச் சேலையோடு மூன்று பெண்கள். நடுவில் அம்மா. முன்னால் இருந்த கண்ணாடி மேசையில் ஒன்றும் இல்லை. தண்ணிகூட இல்லை.

“எப்ப வந்த நீங்க?”

“காலமையே வந்திட்டம்” என்றார் அம்மா. “நல்ல ஹோட்டல். நல்ல காத்து வருது. காத்துத்தான் வருது.”

மற்ற இரண்டு பெண்களும் கூரையைப் பார்த்தார்கள்.

வரவேற்பு மேசைப் பிள்ளையைக் கூப்பிட்டேன்.

“கேட்டனே மெடம். குடிக்கிறீங்களா எண்டு கேட்டன், வேணாம் மகள் எண்டாங்க. சாப்பிடுறீங்களா எண்டு தம்பி கேட்டான், இப்பதான் சாப்பிட்டம் எண்டாங்க. நீங்கதானே சொன்னீங்க, ஒரு தரம் கேள், வேணாமெண்டா விடு எண்டு.”

விடியமுதல் வெளிக்கிட்டு, இரண்டு பஸ் மாறி வந்தவர்கள். இப்பதான் சாப்பிட்டார்களாம்.

அவளைத் திட்ட எனக்கு ஒன்றும் இருக்கவில்லை. நான் சொன்னதைத்தான் செய்திருக்கிறாள், நன்றாகவும் செய்திருக்கிறாள். கோட்டைக் கழற்றி அவள் கையில் கொடுத்துவிட்டுக் குசினிக்குப் போனேன். சோறு, மீன் குழம்பு, சுண்டல், பொரியல், வாழைப்பழம், மூன்று பால் தேத்தண்ணி. பெரிய தட்டத்தில் அடுக்கி நானே தூக்கிக்கொண்டு மண்டபத்துக்குள்ளால் நடந்தேன். முதலாளிகள் படியில் நின்று பார்த்தார்கள். பார்க்கட்டும் என்று விட்டேன். கண்ணாடி மேசையில் வைத்தேன். ஒன்றும் கேட்கவில்லை.

“ஏன் புள்ள, நாங்க சாப்பிட்டுத்தானே வந்த” என்றார் அம்மா, கை கழுவ எழும்பிக்கொண்டே.

அவர் கழுவிவிட்டு வந்து கதிரையில் இருந்தார். இந்தத் தரம் முதுகு சாய்ந்தது. நான் பக்கத்தில் நின்று குழம்பு ஊற்றினேன். மற்ற இரண்டு பெண்களும் என்னையும் அம்மாவையும் மாறி மாறிப் பார்த்தார்கள். ஒருத்தர் மெதுவாகக் கேட்டார்.

“மனேஜர் எண்டு சொன்ன. இவவே கோப்பை தூக்கிற?”

வாயைத் திறக்கப் போனேன். அம்மா முந்திவிட்டார்.

“மற்ற ஆக்களுக்குத் தூக்கிறதுக்கு ஆக்கள் இருக்குகா. நான் வந்தா அவதான் கொண்டு வருவா” என்றார், ஏதோ கிழமைக்குக் கிழமை வந்து போகிறவர் மாதிரி. பிறகு தேத்தண்ணியை ஒரு வாய் குடித்துவிட்டு என்னைப் பார்த்தார். “சீனி காணாது.”

சீனி கொண்டு வந்தேன். அதையும் நானே.

அன்று பின்னேரம் அவர்களை வாகனத்தில் ஏற்றிவிட்டு வந்து, வேலை செய்கிற பிள்ளைகளை எல்லாம் கூட்டினேன். வெளியாட்களுக்குப் பழைய சட்டம்தான், ஒரு தரம் கேள், வேணாமெண்டா விடு என்றேன். எங்கட ஆக்கள் வந்தால் கேட்கவே வேண்டாம், கொண்டு போய் வை என்றேன்.

வரவேற்பு மேசைப் பிள்ளை இன்னும் என் கோட்டைக் கையில் வைத்திருந்தாள். “எங்கட ஆக்கள் எண்டு எப்பிடி மெடம் கண்டுபிடிக்கிற? எல்லாரும் நல்ல உடுப்புத்தானே போட்டு வாறாங்க.”

“கதிரை நுனியில இருப்பாங்க” என்றேன்.